அது அந்த வெட்டி இல்லை, சார்

கச்சிராயப்பாளையத்திலிருந்து வெள்ளிமலை ஏறுகிற வழியில் சாமை அரைக்க முதல் மெஷின் போட்டவன் நான். ரோடு பாதியில் நின்றுபோன காலம் அது. டீசல் என்ஜினைப் பாகம் பாகமாகக் கழற்றி, கம்பில் கட்டி, தோளில் தூக்கிக்கொண்டு மேலே போனோம். ‘போனோம்’ என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஐடியா என்னுடையது.

சாமை பிடிவாதம் பிடித்த தானியம். உமியை எடுக்கப் போனால் அரிசி நொறுங்கும். அரிசியைக் காப்பாற்றப் போனால் உமி கூடவே வரும். பழைய லாரி டியூபை வெட்டி ரோலரில் சுற்றி, உமி மட்டும் கழல்கிற மாதிரி செய்தேன். யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ஒருவரும் இல்லை. மெஷின் விற்கிற ஆள் ஒருவர் வந்து பார்த்தார், போட்டோ பிடித்துக்கொண்டார், டீ குடித்தார், போனார். அடுத்த வருஷம் அதே மாதிரி ரோலர் கடைக்கு வந்தது. என் பேர் வந்ததா? வரவில்லை.

அப்புறம் ரெண்டு லாரி. அப்புறம் கள்ளக்குறிச்சியில் கல்யாண மண்டபம். அந்த இடத்தில் மண்ணை எடுத்துப் பார்த்த இன்ஜினியர், ‘இங்கே மாடிக் கட்டடம் நிற்காது’ என்றார். கட்டடம் நிற்கிறது. அவர்தான் ரிட்டயர் ஆகிவிட்டார்.

இவ்வளவும் ஐந்தாம் வகுப்போடு.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு இந்த லிஸ்ட் மனப்பாடம். ‘மறுபடியும் ஆரம்பிச்சுட்டாரு’ என்று நீங்கள் சிரிப்பது எனக்கு இங்கே கேட்கிறது. சிரியுங்கள். இந்த வாரம் லிஸ்ட்டில் புதிதாக ஒன்று சேர்கிறது. ஒரு நாவலுக்கு நான் அர்த்தம் சொன்னேன். அதை ஒருவர் எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

யார் அவர்? ஒரு பேராசிரியர். பேர் சொல்ல மாட்டேன். அவரும் என் பேரைச் சொல்லவில்லை — ஆனால் நான் சொல்லாமல் இருப்பது மரியாதைக்காக.

விஷயத்துக்கு வருகிறேன். மண்டபத்து மாடி ஹாலில் மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, புத்தகம் படிக்கிறவர்கள் கூடுகிறார்கள். டீச்சர்கள், ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர், சங்கராபுரத்திலிருந்தும் திருக்கோவிலூரிலிருந்தும் பஸ் ஏறி வருகிறவர்கள்... எல்லாம் சேர்ந்தால் நாற்பது தலை தேறும். இடம் நான் கொடுப்பது. டீயும் போண்டாவும் நான் கொடுப்பது. பேராசிரியர் நடுவில் உட்கார்ந்து விளக்கம் சொல்வார். நான் கடைசி வரிசை.

போன வருஷம் ஒரு மாசம் எடுத்துக்கொண்டது ஒரு பழைய வெளிநாட்டுச் சரித்திர நாவல். ராஜாவை ஜனங்கள் கீழே இறக்கிய புரட்சி நடந்த சமயத்துக் கதை. எவரோ அந்தக் காலத்துப் பெரியவர் தமிழில் மொழிபெயர்த்திருக்கிறார். தலைமாட்டுக்கு வைத்துப் படுக்கிற அளவுக்குக் கனம். எனக்கு முடிக்க ஆறு வாரம் ஆனது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன் நான். வெட்கம் இல்லை. படித்தவர்கள் பஸ்ஸில் போகிற மாதிரி படிக்கிறார்கள். நடுவில் இருக்கிற ஊர் ஜன்னல் வழியாக ஓடிப் போய்விடும். நான் நடந்து போகிறவன். ஒவ்வொரு சொல்லிலும் கால் இடிக்கும்.

அதில் ஒரு இடம். ஜனங்கள் அந்த ஊரை ஆண்ட துரையின் மாளிகைக்குள் புகுந்துவிடுகிறார்கள். ஒருத்தன் வெள்ளித் தட்டை எடுக்கிறான். ஒருத்தி பட்டுத் திரையைக் கிழித்துச் சுருட்டுகிறாள். நடுவயசு விவசாயி ஒருத்தன் மட்டும் உள்ளேயே போகவில்லை. தோட்டத்து மதில் சுவருக்குப் போய்க் கடப்பாரையால் கல்லைப் பெயர்க்கிறான். அதிலும் ஒரு கல்லை எடுக்கிறான், பக்கத்தில் இருக்கிற ரெண்டை விட்டுவிடுகிறான், நாலடி தள்ளி இன்னொன்றை எடுக்கிறான். புரட்சிக்காரர்களின் தலைவன் வந்து, ‘உள்ளே வெள்ளி இருக்கும்போது இங்கே என்ன செய்கிறாய்?’ என்று கேட்கிறான். அதற்கு அந்த ஆள் சொல்கிற பதில் ஒரே வரி.

‘நான் இங்கே வெட்டிக்கு வந்தவன்.’

பேராசிரியர் இந்த வரியை ரெண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“கவனிங்க. வெட்டிக்கு வந்தவன். அதாவது? சும்மா வந்தவன். வேலை வெட்டி இல்லாதவன். எதுக்கு வந்தோம்னே அவனுக்குத் தெரியல. எந்தக் கல்லை எடுக்கறோம், எதை விடறோம்னுகூடத் தெரியல. இந்த நாவலோட சாரமே இந்த ஒரு வரிதான். புரட்சிங்கறது கடைசியில வெட்டிக் கும்பலோட விளையாட்டுன்னு ஆசிரியர் சொல்லாமச் சொல்றாரு.”

நாற்பது தலையும் ஆடியது. நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

என்ன ஐயா இது? கடப்பாரை தூக்கி ஒரு மதில் சுவரைப் பெயர்க்கிறவன் சும்மா வந்தவனா? நீங்கள் ஒரு கல்லைப் பெயர்த்துப் பாருங்கள், தெரியும்.

எழுந்தேன். நாற்காலி கிறீச்சிட்டது.

“சார், அது அந்த வெட்டி இல்ல.”

சிரித்தார்கள். தபால்காரர் திரும்பிப் பார்த்து, “எத்தினி வெட்டிங்க இருக்குது, முதலாளி?” என்றார்.

“ரெண்டு இருக்குது. நீங்க சொல்ற வெட்டி, வேல இல்லாதவனோடது. இந்த வெட்டி, வேல செஞ்சும் கூலி இல்லாதவனோடது. எங்க மலையில அப்பிடித்தான் சொல்லுவாங்க. தண்டோரா வரும் — வூட்டுக்கு ஒரு ஆளு வெட்டிக்கு வரணும். போவணும். மலை எசமானுங்க நெலத்துல களை எடுக்கணும், மூட்ட தூக்கணும், செவுரு கட்டணும். கூலி கெடையாது. அந்த ஆளு சும்மா வந்தவன் இல்ல சார். அந்தச் செவுர கூலி இல்லாமக் கட்டனவன். துரையா கல்லு தூக்கியாந்தாரு? இவன் தூக்கியாந்தது. அவன் திருடல. திருப்பி எடுத்துக்கினு போறான். நாங்க வெட்டிக்குப் போனவங்க சார். எங்களுக்குத் தெரியும்.”

நாற்பது தலையும் திரும்பி என்னைப் பார்த்தது.

விடவில்லை நான். நாவலின் மூன்றாம் அத்தியாயத்தைப் பிரித்துக் காட்டினேன். அங்கே துரையின் ஆள் ஊர் ஊராகக் கொம்பு ஊதிக்கொண்டு போய், ‘வீட்டுக்கு ஓர் ஆள் வெட்டிக்கு’ என்று கூவுகிற இடம் இருக்கிறது. பஸ்ஸில் போனவர்கள் யாரும் அந்த ஊரில் இறங்கவில்லை.

“இன்னா சார் இது, கதையே தலகீழாப் போச்சே” என்றார் தபால்காரர்.

பேராசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “சுவாரஸ்யமான பார்வைங்க ஐயா” என்றார். அவ்வளவுதான். போண்டா வந்துவிட்டது.

போன வாரம் கூரியரில் ஒரு புத்தகம் வந்தது. அதே நாவல், புதுப் பதிப்பு, பேராசிரியரின் முன்னுரையோடு. பிரித்தேன். எழுத்துக் கூட்டிப் படித்தேன். பதினோராம் பக்கம்.

‘வெட்டி என்னும் ஒரே சொல்லில் இந்நாவலின் திறவுகோல் இருப்பதை நீண்ட தேடலுக்குப் பின் நான் கண்டடைந்தேன்’ என்று ஆரம்பிக்கிறது. மதில், கல், கூலி இல்லாத வேலை, மூன்றாம் அத்தியாயத்துக் கொம்பு — வரிசையாக எல்லாம் வருகிறது. நீண்ட தேடலா? கடைசி வரிசையிலிருந்து நடு நாற்காலிக்கு என்ன நீளம் இருக்கும்? அளந்து சொல்லட்டுமா?

அதற்குக் கீழே பொடி எழுத்தில்: ‘மலைப்பகுதித் தகவலாளி ஒருவர் இச்சொல்லைப் பயன்படுத்தக் கேட்டதுண்டு.’

தகவலாளி. அந்தச் சொல்லைக் கேட்டால் எங்கள் பக்கம் போலீஸுக்குத் துப்பு சொல்கிறவனைத்தான் நினைப்போம்.

சரி, என் பேர் எங்குமே இல்லையா என்றால், இருக்கிறது. கடைசிப் பக்கத்தில், நன்றி என்ற தலைப்பின் கீழ்: ‘இடமும் தேநீரும் வழங்கிய திரு. பெ. சின்னாண்டி.’

போனைப் போட்டேன்.

“சார், புஸ்தகம் வந்துச்சு.”

“வந்துடுச்சாங்க ஐயா? படிச்சீங்களா?”

“படிச்சேன். பதினோராம் பக்கத்துல தகவலாளின்னு ஒருத்தரு வர்றாரே, அவரு ஆருங்க?”

அந்தப் பக்கம் இருமினார். “அது ஆய்வு முறைங்க ஐயா. களத்துல கெடைக்கிற தகவலுக்குப் பேர் போடற வழக்கம் இல்ல.”

“டீ போட்டதுக்குப் பேர் போடற வழக்கம் இருக்குதா?”

“ஐயா, நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. அந்த அர்த்தம் அகராதியிலேயே இருக்கு. அகராதியில இருக்கறதுக்கு ஒருத்தர் பேர எப்படிப் போட முடியும்?”

“அகராதியில இருந்துச்சுன்னா அன்னிக்கு ஏன் சார் பாக்கல?”

அதை விட்டுவிட்டு ஒரு வழி சொன்னார். “ரெண்டாவது அச்சு இந்த மாசக் கடைசியில போகுது. உங்க சொந்த அனுபவத்தை அரைப் பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. எந்த வயசுல வெட்டிக்குப் போனீங்க, என்ன வேலை, எத்தனை நாள்... அதை அடிக்குறிப்பாப் போட்டு, பேரும் போட்டுடறேன். போதுமாங்க?”

“அனுப்பறேன்” என்று வைத்துவிட்டேன்.

பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன். ‘எந்த வயசுல?’ பேனா நின்றது.

உள்ளதைச் சொல்கிறேன். என் வீட்டில் வெட்டிக்குப் போனது உண்மை. எங்கள் அப்பா போனார், அவர் படுத்த பிறகு என் அக்கா போனாள். அக்கா பேர் சடச்சி. என்னைவிட அஞ்சு வயசு மூத்தவள். இன்னும் மலை மேல் எங்கள் ஊரில்தான் இருக்கிறாள். அவளைக் கேட்டால் அரைப் பக்கம் என்ன, அரை நோட்டே எழுதலாம். காரை எடுத்தேன்.

அக்கா வாசலில் படுதா விரித்துப் புளி தட்டிக்கொண்டிருந்தாள். சின்ன இரும்புக் கம்பி கையில். ஒரு தட்டு, கொட்டை தனியாகத் தெறிக்கும்.

“இன்னாடா, பொழுது போவலையா? கார எடுத்துக்கினு வந்துட்ட.”

“உன்ன ஒண்ணு கேக்கணும்க்கா.”

அந்த மதில் சுவர் இடத்தைப் படித்துக் காட்டினேன். மெதுவாகத்தான் படிப்பேன், அவளும் மெதுவாகத்தான் தட்டினாள்.

“எந்த ஊரு ஆளு அவன்?”

“வெளிநாடுக்கா.”

“அங்கியும் வெட்டி இருந்துச்சா?”

“இருந்துச்சாம்.”

“சோறு?”

“இன்னா சோறு?”

“வெட்டிக்கு வந்தவனுக்கு மத்தியானம் சோறு போட்டாங்களா?”

பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். “அதப் பத்தி எழுதல.”

“அப்ப போடல” என்றாள். அடுத்த புளியை எடுத்தாள். “நாங்க களி கட்டிக்கினு போவோம். அந்தக் கல்லு வுட்டுட்டு வேற கல்லு எடுத்தான்னியே, அத இன்னொருக்கா படி.”

படித்தேன். ஒன்றை எடுக்கிறான், ரெண்டை விடுகிறான், நாலடி தள்ளி இன்னொன்று.

“ஏன் வுட்டான்னு அந்த வாத்தியாரு இன்னா சொன்னாரு?”

“மொதல்ல, அவனுக்கே தெரியலன்னாரு. இப்ப புஸ்தகத்துல ஆவேசத்துல கண்டபடி எடுத்தான்னு எழுதிக்கிறாரு.”

“நீ இன்னா சொன்ன?”

“நான்... அதப் பத்தி ஒண்ணும் சொல்லல.”

அக்கா சிரித்தாள். பல் ரெண்டு கீழே இருக்கிறது, மேலே ஒன்றும் இல்லை. “ரெண்டு பேரும் படிச்சிங்க போ. வுட்ட கல்லு அவன் வச்சது இல்லடா. வேற வூட்டு ஆளு வச்சது. அத அவன் எப்பிடித் தொடுவான்? அது அந்த வூட்டுக்காரனுக்கு இல்ல?”

“எந்தக் கல்லு யாரு வச்சதுன்னு இத்தினி வருசம் கழிச்சித் தெரியுமா?”

“தலையில தூக்கனவளுக்குத் தெரியாதா? ஓடையில இருந்து ஏத்தத்துல தூக்கியாந்து வச்சது. அந்த எசமான் பங்களாச் செவுத்துல மூணாவது வரியில நான் வச்ச கல்லு இன்னும் கீது. மாடு ஓட்டிக்கினு போவச்சொல்ல தெனம் பாக்கறேன்.”

நான் பேனாவை எடுத்தேன். ஆறு வாரம் படித்த நானும் தாண்டி வந்திருக்கிறேன், முப்பது வருஷம் பாடம் நடத்தினவரும் தாண்டி வந்திருக்கிறார். எழுத்தே தெரியாதவள் ஒரு தடவை கேட்டுவிட்டுச் சொல்கிறாள். இதை எழுதாமல் விடலாமா?

“யக்கா, நீ சொல்லச்சொல்ல எழுதிக்கிறேன். மீட்டிங்ல நான்தான் எழுந்து சொன்னேன், நாங்க வெட்டிக்குப் போனவங்கன்னு. அதுக்கு ஆதாரம் கேக்கறாங்க.”

புளிக் கம்பி நின்றது.

“நாங்களா?”

“ஆமா.”

“நீ எப்படா போன?”

பேனாவை மூடித் திறந்தேன்.

“அப்பாரு காலு முறிஞ்சி படுத்துக்கினாரு. வூட்டுக்கு ஒரு ஆளுன்னு தண்டோரா வந்துச்சு. பையன் நாலு எழுத்து படிக்கட்டும்னு உன்னப் பள்ளிக்கோடத்துல வுட்டாங்க. என்ன வெட்டிக்கு அனுப்பிச்சாங்க. நான் கல்லு தூக்கச்சொல்ல நீ நெழல்ல குந்திக்கினு அ ஆ எழுதிக்கினு இருந்த. மத்தியானம் பள்ளிக்கோடத்துல உனுக்கு சோறு வேற.” அவள் குரலில் கோபம்கூட இல்லை. தக்காளி விலை சொல்கிற மாதிரி சொன்னாள். “எழுதறதுன்னா எழுது. அடியில ஆரு பேரு போடுவ?”

“அது... வூட்டுக்குப் பெரியவன்னு...”

“பெரியவ நானு. பாத்தியா, ரெண்டு மீட்டிங்கி போயி உனுக்கும் வாத்தியார் புத்தி வந்துடுச்சி.”

வாசகர்களே, எழுபதை நெருங்குகிற மனுஷனை இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்? கோபம் வந்தது. அவள் மேல் இல்லை. யார் மேல் என்று தேடிப் பார்த்தேன், ஆள் அகப்படவில்லை. அதனால் பேராசிரியர் மேலேயே வைத்துக்கொண்டேன்.

ஊர் முழுக்க இப்படித்தானே இருக்கிறது? ஒரு கட்டடம் கட்டினால் கல்வெட்டில் திறந்து வைத்தவர் பேர், தலைமை தாங்கியவர் பேர், முன்னிலை வகித்தவர் பேர். செங்கல் தூக்கினவள் பேர் எந்தச் சுவரில் இருக்கிறது? என் மண்டபத்துக் கல்வெட்டில் யார் பேர் இருக்கிறது என்று யாரும் இப்போது கிளற வேண்டாம். நான் பொதுவாகச் சொல்கிறேன்.

ஆயிரம் பேர் சேர்ந்து ராஜாவை இறக்கினார்கள் என்று நாவல் எழுதுகிறார்கள். ராஜா பேர் இருக்கிறது, தலைவன் பேர் இருக்கிறது. மதில் கல்லைப் பெயர்த்தவனுக்கு அந்த நாவலிலேயே பேர் இல்லை. திரும்பத் திரும்பத் தேடிப் பார்த்துவிட்டேன். ‘ஒரு குடியானவன்’ என்றுதான் இருக்கிறது. எழுதினவருக்கு ஒரு பேர் வைக்க எத்தனை மை செலவாகியிருக்கும்?

அங்கேயே படுதா ஓரத்தில் உட்கார்ந்து எழுதினேன். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே. பத்து வயசு தாண்டி ஒரு வருஷம் இருக்கும், ஓடைக் கல், களி, அறுப்புக் காலம் முழுக்க. விட்ட கல்லைப் பற்றி அவள் சொன்னதும் எழுதினேன். அடியில் ‘பெ. சடச்சி’ என்று போட்டு, பேனா மையைத் தடவிக் கைநாட்டு வாங்கினேன். அதற்குக் கீழே ‘இந்தச் சொல்லின் பொருளைக் கூட்டத்தில் எடுத்துச் சொன்னவர் பெ. சின்னாண்டி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அக்கா எட்டிப் பார்த்தாள். படிக்கத் தெரியாது, ஆனால் ரெண்டு வரி இருப்பது தெரியும்.

“கீழ இருக்கறது உன்னுதா?”

“ஆமாக்கா.”

“சரி, இருக்கட்டும்” என்று கம்பியை எடுத்துக்கொண்டாள்.

அவளே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். கேட்டீர்களா? கூரியரில் அனுப்பினேன்.

நேற்று பேராசிரியர் போன் பண்ணினார். குரலில் தேன்.

“ஐயா, அற்புதமான பதிவு. அந்த விட்ட கல் விஷயம் இருக்கே... நான் முன்னுரையையே மாத்தி எழுதறேன். அந்த அம்மா பேரு கண்டிப்பா வரும்.”

“சந்தோஷம் சார். என்னுது?”

“அனுபவம் அவங்களோடதுதானேங்க ஐயா? அடிக்குறிப்புல ஒரு பேருதான் சரியா இருக்கும். உங்க பேருதான் ஏற்கனவே நன்றிப் பக்கத்துல இருக்கே.”

பார்த்தீர்களா? தகவலாளியாக இருந்தவன், இப்போது அதுவும் இல்லை.

பேராசிரியர் இந்தப் பத்திரிகை வாங்குகிறார், எனக்குத் தெரியும். ஆகவே அவருக்கே சொல்கிறேன். அக்கா பேரை மேலே போடுங்கள் சார். பெரிய எழுத்தில் போடுங்கள். கல் தூக்கியது அவள், கல்லை அடையாளம் சொன்னதும் அவள். அதில் ஒரு எழுத்துக்கூட எனக்கு வேண்டாம். ஆனால் நீங்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தப்பாகச் சொன்ன அன்றைக்கு, தலையாட்டாமல் எழுந்து நின்றவன் அந்த ஹாலில் ஒருத்தன்தான்.

அவனுக்கு இனிஷியலோடு ஒரு பேர் இருக்கிறது. மாசக் கடைசிக்குள் போடுங்கள்.